சாகப்போகிறவருக்குப் பல் டாக்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குணப்படுத்த முடியாத நோயில் இருப்பவர்களைக் கடைசிக் காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை முழுக்கப் படித்தேன். நல்ல கட்டுரை, அதில் சந்தேகமில்லை. மருத்துவர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் என்று எல்லோரும் வருகிறார்கள். வலி மருந்து, படுக்கைப்புண், மலச்சிக்கல் வரை பேசியிருக்கிறீர்கள். ஆனால் வாயைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நான் பல் மருத்துவர். என் தொழிலை விட்டுவிட்டீர்களே என்ற கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் எங்களை மறந்ததில் ஆச்சரியமே இல்லை, அந்த அறையிலிருந்து நாங்களாகவே எப்போதோ வெளியே வந்துவிட்டோம்.

எப்படி என்று சொல்கிறேன். இனி சிகிச்சை பலன் தராது என்று பெரிய மருத்துவர் சொல்லிவிட்ட வாரத்தில் முதலில் ரத்தாவது பல் அப்பாயின்ட்மென்ட்தான். வீட்டிலிருந்து போன் வரும், "டாக்டர், இனிமேல் அவருக்குப் பல்லெல்லாம் எதுக்கு" என்று கேட்பார்கள், நாங்களும் சரி, ரெஸ்ட் எடுக்கட்டும் என்று சொல்லி வைத்துவிடுவோம். இரண்டு பக்கமும் நல்லெண்ணம்தான். ஆனால் அந்த மனிதருக்கு மிச்சமிருக்கும் நாட்களில் எதெல்லாம் மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். நடக்க முடியாது, வேலை இல்லை, வெளியே போக முடியாது. பேசலாம், ஒரு வாய் ருசி பார்க்கலாம், வந்தவரைப் பார்த்துச் சிரிக்கலாம், பேரக்குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாம். இத்தனையும் வாயில்தான் நடக்கிறது. அந்த வாய் வறண்டு, வெடித்து, புண்ணாகி, நாறிக் கிடந்தால் இந்த நாலும் ஒரே நேரத்தில் போய்விடும், யாரும் அதை ஒரு நோயாகக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் எச்சிலைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. இருக்கும்போது அதன் அருமை தெரியாது. மார்ஃபின் கொடுத்தால் எச்சில் குறையும், வாந்தியை நிறுத்தும் பல மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும் அதைக் குறைக்கும், கழுத்திலோ முகத்திலோ ரேடியேஷன் வைத்திருந்தால் எச்சில் சுரப்பியே கருகிப்போயிருக்கும். இதற்கு மேல் வாயைத் திறந்தபடி மூச்சுவிடுவதும், ஆக்சிஜன் குழாயின் வறண்ட காற்றும். எச்சில் போனால் ருசி போகும், வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொள்ளும், வருஷக்கணக்கில் ஒழுங்காக உட்கார்ந்திருந்த பல் செட் திடீரென்று ஆடும், சில வாரங்களிலேயே பற்களின் கழுத்துப் பகுதியில் சொத்தை விழ ஆரம்பிக்கும். "அப்பா இப்பல்லாம் யார்கிட்டயும் பேசறதே இல்ல, மனசு விட்டுப்போச்சு" என்று சொல்வார்கள். மனசும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் அப்படியே ஒட்டிக் கிடக்கும், அதை நனைத்துவிட்ட பிறகு அவர் பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குடும்பத்தை அதிகம் வாட்டுவது தாகம் பற்றிய பயம். தண்ணீர் இறங்காமல் தவிக்கிறாரே, டிரிப்ஸ் ஏற்றுங்கள் என்று கெஞ்சுவார்கள். அந்தத் தவிப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கடைசி நாட்களில் வரும் தாக உணர்வில் பெரும்பகுதி வாய் வறட்சியிலிருந்து வருவது, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் வாயை நனைப்பதில்லை. தளர்ந்துபோன உடம்பில் அது கால் வீக்கமாகவும் நுரையீரலில் நீராகவும் தேங்கும் ஆபத்தும் உண்டு. டிரிப்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரைக் கவனிக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும், அது என் வேலை இல்லை. வாயை அடிக்கடி நனைப்பது மட்டும் எந்த முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, அதை யார் வேண்டுமானாலும் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

அடுத்தது பூஞ்சைத் தொற்று. இது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வரும் விஷயம், ஏனென்றால் இவ்வளவு எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒன்று இவ்வளவு பேரைச் சாப்பிடாமல் ஆக்குகிறது. நோயில் உடம்பு தளர்ந்து, ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் வாயில் கேண்டிடா பூஞ்சை பரவும். சிலருக்குத் தயிர்த்துளி மாதிரி வெள்ளைப் படிவு தெரியும், அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெள்ளையே இல்லாமல் நாக்கும் அண்ணமும் சிவந்து எரியும் வகை ஒன்று உண்டு, பல் செட் போடுகிறவர்களுக்கு அந்தச் செட்டின் அடியிலேயே சிவந்திருக்கும், கழற்றிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. நோயாளி சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். நோய் முற்றிவிட்டது, பசி போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிடுவார்கள். நிஸ்டாட்டின் சொட்டோ ஃப்ளூகோனசோல் மாத்திரையோ கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் எரிச்சல் குறைந்துவிடும். இதிலும் பார்த்துச் செய்ய வேண்டியது உண்டு: ஃப்ளூகோனசோலும் மைக்கோனசோல் ஜெல்லும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக் கசிவை ஏற்படுத்தலாம், குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் நிஸ்டாட்டினும் அடுத்தடுத்துப் போட்டால் ஒன்றின் பலனை மற்றொன்று கெடுக்கும், நடுவில் இடைவெளி விட வேண்டும். அப்புறம், பல் செட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் தொற்று திரும்பி வந்துவிடும். ராத்திரி கழற்றி ஊறப்போட வேண்டும், மறுநாள் தேய்த்துக் கழுவிய பிறகுதான் போட வேண்டும்.

சொல்ல முடியாதவர்களின் வலி இன்னும் மோசம். மறதி நோய் முற்றியவர், பக்கவாதத்தில் பேச்சு போனவர், மயக்கத்திலும் குழப்பத்திலும் இருப்பவர், இவர்கள் யாரும் பல் வலிக்கிறது என்று சொல்லப்போவதில்லை. வேறு விதமாகச் சொல்வார்கள். ஸ்பூனைக் கண்டால் முகத்தைத் திருப்புவார், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே இருப்பார், நேற்று வரை போட்டுக்கொண்ட பல் செட்டை இன்று பிடுங்கி எறிவார், ராத்திரியெல்லாம் புரளுவார். இதைப் "பிடிவாதம்" என்றும் "அமைதியின்மை" என்றும் குறித்துத் தூக்க மருந்து ஏற்றுவதற்கு முன்னால் யாராவது டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்திருக்க வேண்டும். உடைந்த பல்லின் கூர்முனை நாக்கைக் கிழித்துக்கொண்டிருப்பதை நான் கண்டதுண்டு, அதை மழுங்கச் செய்ய ஐந்து நிமிஷம் கூட ஆகாது. அந்த ஐந்து நிமிஷத்துக்கு எங்களைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இங்கே என் சக பல் மருத்துவர்களிடம் கொஞ்சம் நேராகப் பேச வேண்டும். நமக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது முழுமையாகச் செய், நீண்ட நாள் நிற்கும்படி செய் என்பது. மூன்று வாரமோ மூன்று மாதமோ இருக்கப்போகிறவரிடம் அந்தப் பாடம் உதவாது. இவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்களை இப்போது அதிகம் தொந்தரவு செய்வது எது, நீங்கள் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதுதான். ஒருவர் வலி போனால் போதும் என்பார். இன்னொருவர் வலியைப் பொறுத்துக்கொள்வார், ஆனால் மகன் வரும்போது முன்பல் ஓட்டையோடு இருக்கக் கூடாது என்பார், அதுவும் நியாயமான சிகிச்சைக் காரணம்தான், அழகுக்காக என்று ஒதுக்கக் கூடாது. சொத்தையை டிரில் வைத்துக் குடையாமல் கைக்கருவியால் மெதுவாகச் சுரண்டிக் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட் வைத்து அடைக்கலாம், ஊசி கூடப் பல சமயம் தேவைப்படாது. அதுவும் முடியாதவருக்குச் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவ மருந்தைத் தடவலாம், சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும், அந்த இடம் கறுத்துப்போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021இல் இவை இரண்டையும் சேர்த்தார்கள், ஆக இது ஏழைக்கான அரைகுறை வைத்தியம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். உடம்பு மெலிந்து பல் செட் தளர்ந்துவிட்டால் புதுச் செட்டுக்கு அளவெடுத்து ஐந்து முறை அலைக்கழிக்காதீர்கள், பழைய செட்டுக்குள் மென்மையான லைனிங் போட்டுக்கொடுங்கள், ஒரே தடவையில் முடியும்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் இதில் அடக்கம். சில குடும்பங்கள் குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள் டாக்டர் என்பார்கள், இம்பிளான்ட் வரை கேட்பார்கள். அவர்கள் பணம் கொடுக்கத் தயார் என்பதற்காக நாம் செய்யத் தயாராகக் கூடாது. எலும்பில் பரவிய புற்றுநோய்க்காக ஜோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்து எடுத்தவருக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கலாம். 2003இல் இந்தப் பிரச்சினை மருத்துவ இதழ்களில் முதலில் வந்தது, இத்தனை வருஷம் ஆகியும் மருந்துச் சீட்டைக் கேட்காமலே பல்லைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு வேரில் உள்ள நரம்பை எடுத்து அடைத்துவிட்டு, மேலே நிற்கும் பல்லை ஈறு மட்டத்துக்குச் சீவிவிடுவது பல சமயம் பாதுகாப்பான வழி. கீமோ நடந்துகொண்டிருந்தால் ரத்தத்தில் தட்டணுவும் வெள்ளணுவும் எவ்வளவு என்று பார்க்காமல் கை வைக்கவே கூடாது.

சொல்லப்போனால் எங்களைக் கூப்பிட வேண்டிய சரியான நேரம் கடைசி வாரம் கிடையாது. தலை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் ஆரம்பிப்பதற்கு முன்பே பல் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே பிடுங்கி ஆறவிட வேண்டும். கதிர் வாங்கிய தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும், வருஷங்கள் கழித்துப் பிடுங்கினாலும் அங்கே ஆறாத புண் வரலாம். எலும்பு மருந்துகளுக்கும் இதே கதைதான். நோய் கண்டுபிடித்த மாதத்தில் அரை மணி நேரம் எங்களிடம் உட்கார்ந்திருந்தால், கடைசி மாதத்தின் பாதித் தொல்லை வந்திருக்காது. புற்றுநோய் மருத்துவர்களுக்கு இது தெரியாததில்லை. ஆனால் அவசர அவசரமாக ஓடும் அந்த நாட்களில் பல் என்பது கடைசியாக நினைவுக்கு வருகிறது, நினைவுக்கு வரும்போது நேரம் போயிருக்கும்.

நோயாளி கிளினிக்குக்கு வர முடியாவிட்டால் நாம்தான் போக வேண்டும். இதைக் கேட்டதும் சக மருத்துவர்கள், நாற்காலி இல்லாமல் லைட் இல்லாமல் எப்படி என்பார்கள். நெற்றியில் கட்டும் விளக்கு, கண்ணாடி, கைக்கருவிகள், கையில் பிடிக்கும் சிறிய மோட்டார், சிமென்ட், லைனிங் பொருள், பஞ்சு, கிளவுஸ், ஒரு தோள்பையில் அடங்கிவிடும். படுத்தபடியே வேலை செய்யக் கூடாது, எச்சிலோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய்விடும். தலைமாட்டை உயர்த்தி முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யும் நேரமாகப் பார்த்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகாமல் முடிக்க வேண்டும். போக முடியாத நாளில் வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் பாதி சங்கதி தெரிந்துவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால், வீட்டுக்குப் போய் நாம் செய்யும் வைத்தியத்தைவிட அங்கே சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதுதான் பெரிய காரியம். வீட்டில் ஒருவரைப் பிடித்து, மகளோ மருமகனோ வேலைக்கு இருக்கும் பெண்மணியோ, இந்த வாய் இனி உங்கள் பொறுப்பு என்று ஒப்படைத்துவிடுவேன். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ், அதில் கடுகளவு நுரைக்காத பேஸ்ட், துப்ப முடியாதவர் என்றால் பேஸ்ட்டே வேண்டாம், தண்ணீரில் நனைத்த பிரஷ் போதும். கன்னத்தின் உள்பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் உணவையும் மாத்திரைத் துணுக்கையும் ஈரத்துணியால் எடுக்க வேண்டும், பற்களுக்கு நடுவில் மட்டும் விரலை விடாதீர்கள், சுயநினைவு இல்லாமலே பலமாகக் கடித்துவிடுவார். கடைசி நாட்களில் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை வாயை நனைக்க வேண்டும், சொட்டச் சொட்ட வேண்டாம், ஈரம் பட்டால் போதும். வெறும் தண்ணீர்தான் என்று சட்டமில்லை, அவருக்குப் பிடித்த பானம் எதுவோ அதில் பிரஷை நனைத்து நாக்கில் தடவலாம், விழுங்க முடியாதவருக்கும் அந்த ருசி போய்ச் சேரும். உதட்டுக்குத் தண்ணீர் கலந்த களிம்பு போடுங்கள், ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். எலுமிச்சை கிளிசரின் குச்சிகளை இன்னும் சில இடங்களில் வாங்கி வைத்திருக்கிறார்கள், அது முதலில் எச்சிலை வரவழைப்பது போலக் காட்டிப் பிறகு இன்னும் வறட்சியாக்கும், பல்லையும் அரிக்கும், தூக்கிப் போடுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த குச்சியை ஊறவிட்டாலோ நோயாளி கடித்தாலோ ஸ்பாஞ்ச் கழன்று தொண்டையை அடைக்கலாம், பிரிட்டனில் 2012இல் இதற்காக அரசு எச்சரிக்கையே விட்டார்கள்.

இதையெல்லாம் வெறும் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். முதியோர் இல்லங்களில் ஒழுங்காக வாய் சுத்தம் செய்தவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது என்று ஜப்பானில் செய்த ஆய்வு 1999இலேயே வெளிவந்திருக்கிறது. ஆனால் நான் இங்கே சொல்ல வருவது வேறு. சாவை எதிர்பார்த்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கையில் வேலை இல்லாததுதான் பெரிய கொடுமை. மருந்து நர்ஸ் கொடுப்பார், ஊசி டாக்டர் போடுவார், பெற்ற மகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவின் உதட்டை நனைப்பது மகள் செய்யக்கூடியது, செய்த மறுகணமே அம்மாவின் முகத்தில் தெரியக்கூடியது. பிற்பாடு அவர்கள் எங்களிடம் வந்து பேசும்போது எந்த மருந்து கொடுத்தோம் என்பதை மறந்திருப்பார்கள், இதை மறந்தவர்களை நான் பார்த்ததில்லை.

நாற்றத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். வாய்ப் புற்றுநோய் வெடித்துப் புண்ணானால் வரும் வாடை அறை முழுக்கப் பரவும், பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், பேரக்குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள், நோயாளிக்கு அது தெரியும். தெரியாதது போல நாம் நடிப்பதுதான் அவரை இன்னும் ஒடுக்குகிறது. அந்த வாடை காற்றில்லாமல் வளரும் கிருமிகளால் வருவது, மெட்ரோனிடசோல் மாத்திரையாலோ புண்ணின் மேல் போடும் ஜெல்லாலோ நன்றாகக் குறைக்க முடியும். "இந்த வாடை உங்களைச் சங்கடப்படுத்துகிறதா, இதற்கு மருந்து இருக்கிறது" என்று யாராவது வாய்விட்டுக் கேட்டாலே அவர் முகம் தளர்வதைப் பார்க்கலாம்.

பேச்சு என்றதும் இன்னொன்று. பல் மருத்துவரிடம் சிலர் மனம் திறந்து பேசிவிடுவார்கள். இருபது வருஷம் பழகிய மனிதர், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சம்பந்தமில்லாதவர் என்பதாலோ என்னவோ. "நான் தேற மாட்டேன்தானே டாக்டர்" என்று நம்மிடம் கேட்டுவிட்டால் நாம் பதறிப்போய் அதெல்லாம் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்லி வாயில் கண்ணாடியை வைத்துவிடுகிறோம். அது ஓடிப்போவதுதான். எவ்வளவு நாள் என்ற கணக்கு நமக்குத் தெரியாது, அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லலாம், ஆனால் அதற்கு முன் கருவியைக் கீழே வைத்துவிட்டு, மாஸ்க்கை இறக்கிவிட்டு, எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸ் என்ற கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், உடம்பு வலியோடு மனசு, குடும்பம், ஆன்மா எல்லாவற்றின் வலியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று சொன்னார். பல்வலியை மட்டும் அதிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

உயிர் போன பிறகு எங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. பல் செட் இல்லாமல் வாய் உள்வாங்கி, கன்னம் ஒட்டி, முகமே வேறு யாரோ மாதிரி ஆகிவிடும். கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் அந்த முகத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். உயிர் பிரிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடை இறுக ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு செட்டைப் பொருத்துவது கஷ்டம், அதனால் உடனே போட்டுவிட வேண்டும். இதை அந்த நேரத்தில் யார் நினைத்துப் பார்ப்பார்கள்? முன்பே சொல்லி வைக்க வேண்டியது நாங்கள். செட் எந்த டப்பாவில், எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்கு மாற்றும்போது டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்த செட் குப்பையோடு போவது சர்வசாதாரணம். செட்டின் உள்பக்கத்தில் பெயரைப் பதித்துக்கொடுப்பது எங்களுக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை, முதியவர்கள் எல்லோருக்கும் கேட்காமலே செய்துகொடுக்கலாம். மெலிந்துபோன கடைசி நாட்களில் செட் சரியாகப் பொருந்தாது, கொஞ்சம் லைனிங் போட்டு வைத்திருந்தால் அப்போதும் பயன்படும்.

விபத்திலோ பேரழிவிலோ முகம் தெரியாமல் போனவர்களின் குடும்பத்துக்குப் பல் மருத்துவர் செய்யக்கூடிய உதவி வேறு யாராலும் முடியாதது. ஆள் அடையாளம் காண இன்டர்போல் ஏற்றுக்கொண்ட முதன்மையான மூன்று வழிகள் கைரேகை, டிஎன்ஏ, பற்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் பலருடைய உடல் வீட்டுக்குத் திரும்பியது அவர்களுடைய பல் மருத்துவர் எங்கோ ஒரு அலமாரியில் எக்ஸ்ரேயையும் குறிப்பையும் பத்திரமாக வைத்திருந்ததால். கார்டில் அவசர அவசரமாகக் கிறுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் நல்லது.

கிளினிக் நிர்வாகத்தில் ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் குடும்பங்கள் அதிகம் காயப்படுகின்றன. இறந்து மூன்று மாதம் ஆன பிறகு, "உங்கள் ஆறு மாதப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது, புன்னகையோடு வாருங்கள்" என்று இறந்தவரின் பெயரைப் போட்டு மெசேஜ் வரும். பிறந்தநாள் வாழ்த்து வரும். அந்த போனை இப்போது வைத்திருப்பது அவர் மனைவி. கம்ப்யூட்டர் அனுப்பியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இறந்த செய்தி தெரிந்த அன்றே பதிவில் குறித்து எல்லாத் தானியங்கிச் செய்தியையும் நிறுத்த வேண்டும், பாக்கி பில் இருந்தால் உடனே அனுப்பாமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஒரு போன் செய்ய வேண்டும் அல்லது கையால் நான்கு வரி எழுத வேண்டும். அதில் இறந்தவரைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னால் அவர்களுக்கு எவ்வளவோ ஆறுதல்: ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், ஒவ்வொரு முறையும் நர்ஸிடம் நன்றி சொல்லாமல் போக மாட்டார் என்பது மாதிரி. நோயைப் பற்றியோ சிகிச்சை விவரத்தைப் பற்றியோ எழுத வேண்டாம், இறந்த பிறகும் அது அவருடைய அந்தரங்கம்தான்.

அப்புறம் அந்த மனைவியோ மகனோ ஒருநாள் நம் நாற்காலியில் வந்து உட்காருவார்கள். மாதக்கணக்கில் இன்னொருவர் வாயைச் சுத்தம் செய்தவர்கள் தங்கள் வாயை மறந்திருப்பார்கள். ஈறு வீங்கியிருக்கும், சொத்தை பெருகியிருக்கும், தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும், பல் விரிசல் விட்டிருக்கும், வாய்ப்புண் திரும்பத் திரும்ப வரும். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "சார் எப்படி இருக்கார், அவரைக் கூட்டிட்டு வரலையா" என்று வரவேற்பறையில் கேட்டுவிடாதபடி ஊழியர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள், புதுப் படிவத்தை நீட்டித் துணைவர் பெயரை நிரப்பச் சொல்லாதீர்கள். வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கும்போது சிலருக்குத் திடீரென அழுகை வரும், நாற்காலியை நிமிர்த்திவிட்டு டிஷ்யூவை நீட்டிச் சும்மா இருங்கள். வலியும் தொற்றும் இருந்தால் உடனே பார்க்க வேண்டும். அதைத் தாண்டிய பெரிய முடிவுகளை, எல்லாப் பல்லையும் எடுத்துவிடுங்கள் எனக்கு எதுவும் வேண்டாம் என்கிற மாதிரி முடிவுகளை, சில மாதம் தள்ளிப்போடச் சொல்வதுதான் சரி. தூக்கமும் சாப்பாடும் அடியோடு போய், வாழவே பிடிக்கவில்லை என்று பேசுகிறவரைப் பார்த்தால் ஈறு வைத்தியத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அவரிடமே நேராகக் கேட்டு, அன்றைக்கே மனநல உதவிக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்பதற்குப் பல் மருத்துவர் யார் என்று நினைக்க வேண்டாம். அந்த வாரம் அவரை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் நாம் ஒருவராகவே இருக்கலாம்.

ஒவ்வொரு வருஷமும் உலகில் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது கடும் நோயில் இருப்பவரின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை, தேவைப்படுகிறது, அதில் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. எதுவுமே கிடைக்காதவர்களுக்கு நடுவில் பல்லைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று ஒரு வாசகர் நினைக்கலாம். மார்ஃபின் கிடைக்காத வீட்டிலும் ஒரு மெல்லிய பிரஷும் தண்ணீரும் கிடைக்கும் என்பதுதான் என் பதில். நோய்த்தணிப்பு மருத்துவக் குழுக்களிடம் நான் கேட்பது, உங்கள் போன் பட்டியலில் ஒரு பல் மருத்துவரின் எண்ணையும், முதல் நாள் பரிசோதனைத் தாளில் வாய்க்கு ஒரு கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகள் கடைசி வருஷ மாணவர்களை இரண்டு வாரமாவது அந்தக் குழுக்களோடு அனுப்பட்டும். கிளினிக் வைத்திருப்பவர்கள் மாதத்தில் ஒரு பிற்பகலை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு ஒதுக்கட்டும். உங்களிடம் கேட்பது, அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள், அதில் வாய்ப் பராமரிப்புக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், இதைவிடச் சுருக்கமாக.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்